டீ கப்புகளுக்கு அடியில் லண்டன்

அமலா, ஆரோக்கியம்,

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் பாண்டிச்சேரிக்குப் போனது களிமண் சாம்பிள் பார்ப்பதற்காக அல்ல. அப்படிச் சொல்லிவிட்டுப் போனேன். அது பொய். உங்கள் அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. புத்தகமும் அமலாவின் சரித்திர மேடம் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல் மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாண்டி எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்று ஆரோக்கியம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதற்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது. கொஞ்சம்தான்.

காலை 5.40. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் கிளம்பியது. டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். தூரம் அறுபது கிலோமீட்டர் என்றார் கண்டக்டர். "பாண்டிக்கு இது நேரா போவாதுங்க, கடலூர்ல எறங்கி மாறிக்குங்க" என்றும் சொன்னார். ஜன்னல் சீட்டு கிடைத்தது. உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். மனசுக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. பத்து மணிக்குள் போய்விடுவேனா, மாட்டேனா?

என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அமலா, அந்தப் புத்தகத்தின் முதல் பாகத்தை நீ என்னிடம் கொடுத்தபோது என்ன சொன்னாய் என்பது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அப்பா, இது லைப்ரரி புக்கு இல்ல. மேடம் அவங்க வூட்டுல இருந்து எடுத்தாந்து குடுத்தது. கடையில எங்கயும் இப்ப கெடைக்காதாம். யாருக்கும் குடுக்காத புக்க என்ன நம்பிக் குடுத்திருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு வேணும். திங்கக்கிழமை கிளாஸ்ல பேசணும், பேசி முடிச்ச கையோட மேடங்கிட்ட குடுத்துடணும்." நான் தலையை ஆட்டினேன். ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி ஆட்டினேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். சரித்திரம் என்றாலே எனக்கு ராஜாக்கள்தான். யாருக்கு அடுத்து யார் என்று வரிசை மாற்றி எழுதி வாத்தியாரிடம் அடி வாங்கியவன். ஆனால் இந்தத் தமிழ்ப் புத்தகத்தில் ராஜா வருவதே அபூர்வம். ஆலைகள் பெருகிய காலத்தில் லண்டன் பட்டணத்தில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் முழுக்க. ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், வேலைக்குப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள், தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை நேரம் வந்தது, புகை படிந்த சட்டையை எப்படித் துவைத்தார்கள், மதியச் சோற்றுக்கு எதைத் தின்றார்கள். படிக்கப் படிக்க யாரோ நம் தெருவைப் பற்றி எழுதின மாதிரி இருந்தது. அதனால்தான் கப்பு செய்கிற எங்கள் கம்பெனிக்கே கொண்டுபோய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன்.

அழுக்குப் படக்கூடாது என்று நியூஸ் பேப்பரில் அட்டை போட்டேன். அது முதல் தப்பு.

வெள்ளிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். கப்புகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. கை முழுக்க வெள்ளையாகிவிடும். அந்தக் கையால் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று, இருப்பதிலேயே சுத்தமான இடமாகப் பார்த்துப் புத்தகத்தை வைத்தேன். அந்தச் சுத்தமான இடம் பேக்கிங் மேசை. அது இரண்டாவது தப்பு.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பேப்பர் கடையிலிருந்து நோட்டு, கைடு, டெலிபோன் புத்தகம் எல்லாம் எடைக்கு வாங்குவோம். மெல்லிசானதைக் கிழித்துக் கப்புக்குச் சுற்றுவோம். தடிமனானதை அப்படியே பெட்டிக்கு அடியில் அட்டையாகப் போட்டு அதன் மேல் கப்பை அடுக்குவோம். பேக்கிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்: "மேசை மேல இருக்கிறது எல்லாம் பேக்கிங்தான். யாரையும் கேக்க வேணாம், எடுத்துப் போட்டுக்கிட்டே இரு." பேக்கிங் செய்கிற தனத்துக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். தனம் நான் சொன்னபடியே செய்தது.

நாலு மணிக்குப் பதினாலு பெட்டியோடு வண்டி பாண்டிக்குப் போய்விட்டது. ஐந்தரைக்குக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். மேசை துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. தனத்துக்குப் போன் செய்தேன்.

"பேப்பர் அட்டை போட்ட தடி புக்கா? அது உன்துதாண்ணே? அய்யய்யோ, பொட்டிக்கு அடியில போட்டுட்டேனே! மேசை மேலதான இருந்துச்சு!"

அதைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

பாண்டிக் கடைக்காரர் கரீம் பாய்க்குப் போன் போட்டேன். "பதினாலு பொட்டில எத சவரி நான் பாக்குறது? காலைல பத்து மணிக்குக் காரைக்கால் பார்ட்டி வந்து மொத்தமா ஏத்தினு போறாங்க. அதுக்குள்ள நீயே வந்து பாரு" என்றார். அன்று ராத்திரி, அமலா, நீ, "அப்பா, புக்கு எங்கப்பா?" என்று கேட்டாய். "கம்பெனியில பத்திரமா இருக்குது" என்றேன்.

காலை 6.25. மந்தாரக்குப்பம். நிலக்கரிச் சுரங்கத்து ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் ஏறி பஸ் நிரம்பிவிட்டது. என் பக்கத்தில் கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர், மடியில் ஒரு பெரிய பரங்கிக்காயோடு உட்கார்ந்திருந்தார். பாண்டியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"நீங்க எதுவரைக்கும்?"

"பாண்டிக்குத்தாங்க."

கண்ணைச் சிமிட்டினார். "சரக்குக்கா?"

"இல்லீங்க. ஒரு புக்குக்கு."

"பாண்டிக்குப் புக்குக்காகப் போற மொத ஆளு நீதான்யா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதையைச் சொன்னேன். யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. அப்படி என்ன இருக்கிறது அந்தப் புத்தகத்தில் என்று கேட்டார். ஆலைக்குப் போகிறவர்களை விடியற்காலையில் எழுப்புவதற்கென்றே அந்த ஊரில் ஆட்கள் இருந்ததைச் சொன்னேன். நீளமான குச்சியால் மாடி ஜன்னலைத் தட்டித் தட்டி எழுப்பிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வீடு அதற்குக் கூலி.

அவர் பரங்கிக்காயைத் தடவிக்கொண்டே யோசித்தார். "அவன எழுப்புறது யாரு?"

அது புத்தகத்தில் இல்லை. இல்லை, நான் படித்த வரைக்கும் இல்லை. ஒருவேளை அடுத்த பக்கத்தில் இருக்கலாம். அந்தப் பக்கம் எந்தப் பெட்டிக்கு அடியில் இருக்கிறதோ.

ஜன்னலுக்கு வெளியே பெரிய புகைபோக்கிகள் தெரிந்தன. லண்டனில் நிலக்கரிப் புகை பனியோடு சேர்ந்துகொண்டால் பட்டப்பகலில் விளக்கு ஏற்ற வேண்டியிருக்குமாம். இங்கே அவ்வளவு இல்லை. சூரியன் நன்றாகவே தெரிந்தது.

வடலூரில் பஸ் கால் மணி நேரம் நின்றது. டிரைவர் டீ குடித்தார். கையில் கண்ணாடி கிளாஸ். கப்பில் குடித்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு என்று வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவர் எதில் குடித்தாலும் சரி, சீக்கிரம் குடித்தால் போதும் என்றிருந்தது.

காலை 8.05. கடலூர். உடனே பாண்டி பஸ் கிடைத்தது. இருபத்திரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். பரங்கிக்காய்க்காரரும் அதிலேயே ஏறினார். வழியில் தென்னந்தோப்புகள், சாராயக் கடை போர்டுகள், வண்டி வண்டியாக டூரிஸ்டுகள்.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது 9.10. "புக்கு கெடைச்சா நாலு எழுத்து படி, கெடைக்கலைன்னா நாலு கட்டிங் போடு" என்று வாழ்த்திவிட்டுப் போனார் அவர். (ஆரோக்கியம், இந்த வரியை நீ படிக்கவில்லை.)

அங்கிருந்து டெம்போவில் பத்து ரூபாய். பெரிய மார்க்கெட்டின் ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். மீன் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் ஒன்றாக வருகிற இடம் அது. தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்நேராக இருக்கின்றன. ஆரோக்கியம், நீ கணக்கு நோட்டில் போடுகிற கட்டங்களைவிட நேர். அதனால் வழி தப்பவில்லை. பின்பக்கச் சந்தில் பாயின் பாத்திரக் கடையை 9.35க்குப் பிடித்துவிட்டேன்.

கடை வாசலில் காரைக்கால் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. ஆறு பெட்டி ஏற்றியாகிவிட்டது.

கரீம் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாற்காலியை விட்டு எழாமலே வியாபாரம் செய்கிறவர். என்னைப் பார்த்ததும், "இன்னா சவரி, புக்க தேடினு நெசமாவே வந்துட்டியா? போன்ல சும்மா சொல்றன்னு நெனச்சேன்" என்றார்.

"பாய், ஒரு அஞ்சு நிமிஷம். பொட்டியப் பிரிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் கட்டிக் குடுத்துடறேன்."

"பிரிச்ச பொட்டிய அவங்க எடுக்க மாட்டாங்க. அப்புறம் நாலு கப்பு ஒடஞ்சிச்சி, ஆறு கப்பு ஒடஞ்சிச்சின்னு என் தலையில கட்டுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு விரலை நீட்டினார். "ஒன்னு. ஒரே ஒரு பொட்டி பிரிச்சிக்க. புக்கு இல்லன்னா அந்தப் பொட்டிய நீயே தலைல வச்சினு ஊருக்குப் போ."

பதினாலில் ஒன்று.

முதலில் முடிச்சைப் பார்த்தேன். தனத்துக்குப் பீச்சாங்கை. அது போடுகிற சணல் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதற்காகவே கம்பெனியில் அதைக் கேலி செய்வோம். இனி யாரும் கேலி செய்ய விடமாட்டேன். வண்டியில் ஒன்று, தரையில் மூன்று, ஆக நாலு பெட்டியில் தனத்தின் முடிச்சு இருந்தது.

நாலில் ஒன்று.

சூளையிலிருந்து வரும் கப்பை நாங்கள் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். விரிசல் விட்ட கப்பு செத்த சத்தம் கொடுக்கும். அந்த நாலு பெட்டியையும் ஒருக்களித்துச் சாய்க்கச் சொல்லி, அடிப்பக்கத்தைத் தட்டினேன். தடி புத்தகம் கிடைக்காத பெட்டிக்கு அடியில் வைக்கோல்தான் போடுவோம்; அது இருந்தால் 'பொத்'தென்று கேட்கும். தடி புத்தகம் இருந்தால் பலகையைத் தட்டின மாதிரி கேட்கும். முதல் பெட்டி, பொத். இரண்டாவது, பொத். மூன்றாவது, டொக். சந்தோஷத்தில் கயிற்றில் கை வைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று நாலாவதையும் தட்டினேன். அதுவும் டொக்.

இரண்டில் ஏதோ ஒன்றில் யாருடைய பழைய கைடோ இருக்கிறது. தனத்துக்குப் போன் போட்டேன்.

"ரேஷன் கியூவுல நிக்கிறேண்ணே, சொல்லு."

"தனம், நல்லா யோசிச்சு சொல்லு. என் புக்கப் போட்ட பொட்டி முன்னாடி கட்டுனதா, கடைசியா கட்டுனதா?"

பின்னால் யாரோ, "லைன்ல வாம்மா, போனப் பாரு!" என்று கத்தினார்கள். "இரு கெழவி, ஒரு உசிரு ஊசலாடுது இங்க!" என்று இது பதிலுக்குக் கத்தியது. பிறகு, "கடைசிண்ணே. கடைசிப் பொட்டிதான். கயிறு பத்தாம ரெண்டு துண்ட ஒட்டுப் போட்டுக் கட்டுனேன். பாரு, ஒட்டு இருக்கும்."

நாலாவது பெட்டியில், அடிப்பக்க ஓரத்தில் ஒட்டு இருந்தது.

பாய் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். காரைக்கால் டிரைவரும் வந்து நின்றான். கயிற்றை அவிழ்த்தேன். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. கடைசி வரிசையை எடுத்தபோது அடியில் நியூஸ் பேப்பர் தெரிந்தது. அதன் மேல் ஆறு கப்பின் அடிப்பாகம் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது.

எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கம் கசங்கவில்லை. அமலா, நீ பக்கத்துக்குப் பக்கம் செருகி வைத்திருந்த துண்டுச் சீட்டுகள் அந்தந்த இடத்திலேயே இருந்தன. காலியான பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"குடு, அப்படி இன்னாதான் கீது பாக்கலாம்" என்று பாய் புத்தகத்தை வாங்கினார். கை சுத்தமா என்று பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன். உன் சீட்டு இருந்த ஒரு பக்கம் திறந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகவே படித்தார். லண்டன் தெருக்களில் பீங்கான் கூடையைச் சுமந்துகொண்டு போய், வீட்டுக்காரம்மாக்களிடம் பழைய துணியை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகக் கப்பும் தட்டும் கொடுத்தவர்களைப் பற்றின பக்கம் அது.

பாய் நிறுத்தினார். "இத பண்ணது எங்க வாப்பாடா! கிழிஞ்ச சேலைக்கு ரெண்டு கப்பு, நல்ல பேண்ட்டுக்கு ஒரு ஜாடி. லண்டன்லயுமா?"

"அடுத்த பக்கம் பாருங்க பாய், பேரம் கூட எழுதியிருக்காங்க."

அவர் புரட்டினார். காரைக்கால் டிரைவர், "பாய், லோடு" என்றான். "இருடா, வாப்பா பேரம் பேசினு கீறாரு" என்றார் பாய். அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் ஒரு பெட்டியும் நகரவில்லை. அதற்குள் நான் கப்புகளைத் திருப்பி அடுக்கி, அடியில் வைக்கோலைப் போட்டு, ஒட்டில்லாத புதுக் கயிற்றால் கட்டிவிட்டேன். டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் அதை ஏற்றிக்கொண்டான். பிரித்ததையும் கட்டினதையும் நேரில் பார்த்தவன் ஆயிற்றே.

பாய் டீ வாங்கிக் கொடுத்தார். புத்தகத்தை டீயிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி வைத்துக்கொண்டு குடித்தேன்.

காலை 10.50. பாண்டியில் கடல் பார்க்கவில்லையா என்று ஆரோக்கியம் கேட்பான். கடல் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் கூட இல்லை என்று பாய் சொன்னார். போகவில்லை. உப்புக் காற்று புத்தகத்துக்கு ஆகுமோ ஆகாதோ என்று ஒரு பயம். அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது இரண்டு பஸ்ஸிலும் படித்துக்கொண்டே வந்தேன். புளிச்சோற்றைக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டேன். குழாயில் இரண்டு தடவை கை கழுவிவிட்டுத்தான் மறுபடி பக்கத்தைத் திருப்பினேன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. அந்தக் காலத்து லண்டனில் பழைய புத்தகங்களை எடைக்குப் போடுவார்கள், கடைக்காரர்கள் அதைக் கிழித்து வெண்ணெயும் மீனும் மடித்துக் கொடுப்பார்கள் என்று இருந்தது. எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது. அந்த ஊர் ஜனங்கள் என்ன தின்றார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வைத்ததால்தானே இன்றைக்கு விருத்தாசலத்தில் கிளேஸ் முக்குகிற ஒருவன் அதைப் படிக்கிறான்? நம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது, தனம் எந்தக் கையால் முடிச்சுப் போடும் என்று இதுவரை யாரும் எழுதவில்லை. நான் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். மன்னிப்புக் கேட்பது மட்டும் காரணம் இல்லை.

மதியம் 2.40. விருத்தாசலம். நம் ஊர்த் தெருக்கள் பாண்டி மாதிரி நேராக இல்லை. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு திருப்பமும் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது, அமலா, நீ தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்பா அட்டையில வட்டம் வட்டமா இருக்குது?" என்றாய்.

"கப்பு வச்சிட்டேன்" என்றேன்.

"புக்கு மேலயா! அப்பா, நீங்களா?"

ஆமாம் அமலா, நானேதான். ஒரு பெட்டி முழுக்க, எழுபத்திரண்டு கப்பு.

திங்கட்கிழமை நீ கிளாஸில் பேசியதும், மேடம் சந்தோஷப்பட்டு இரண்டாவது பாகத்தையும் உன் கையில் கொடுத்ததும் எனக்குத் தெரியும். அதில் தெருக்களும் ஆறும் சாக்கடையும் வருகிறதாம். ஆறு நாறிப்போய், ஊர் முழுக்கச் சுட்ட மண்குழாய் புதைத்த கதையும் வருகிறதாம். சுட்ட மண் என்றால் அது நம் வேலை. நீ அதை அலமாரியில் மேல் தட்டில் வைத்திருக்கிறாய். நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இந்த நாலு பக்கத்தையும் நீ படித்த பிறகுதான் எனக்கு வரும். வராவிட்டாலும் சரிதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, சூப்பர்வைசரிடம் சாவி வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். யாரும் இல்லை. பேக்கிங் மேசைக்கு நாலடி தள்ளி, சுவரில் என் தலை உயரத்துக்கு ஒரு ஆணி அடித்தேன். அதில் ஒரு மஞ்சள் பையை மாட்டினேன். தடி புத்தகத்தின் கனம் தாங்குமா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். தாங்கியது. பை இப்போதைக்குக் காலியாகத்தான் தொங்குகிறது.